வியாழன் இரவே முடிவெடுங்கள்: திருகோணமலையில் ஒரு வார இறுதிக்கு ஒரு படம், ஒரு வாசிப்பு

படம் பார்க்கவும் புத்தகம் வாசிக்கவும் வார இறுதியில் நேரமே கிடைப்பதில்லை என்று பலர் சொல்கிறார்கள். நேரம் இருக்கிறது. சனி இரவு ஒன்பது மணிக்குப் போனைக் கையில் எடுத்து, ஒரு ட்ரெய்லர், இன்னொரு ட்ரெய்லர், யாரோ ஒருவரின் விமர்சனம் என்று போய்ப் போய், பத்தரைக்கு "இனி எங்க பார்க்கிறது, நாளைக்குப் பார்ப்பம்" என்று படுத்துவிடுகிறோமே, அந்த ஒன்றரை மணித்தியாலத்தில் மஜித் மஜிதியின் சில்ட்ரன் ஒஃப் ஹெவன் முழுவதும் ஓடி முடிந்திருக்கும். அது 89 நிமிடப் படம்.

ஆகவே வியாழன் இரவே முடிவெடுத்துவிடுங்கள். ஒரு படம், ஒரு வாசிப்பு, அவ்வளவுதான். பத்துப் பெயர் உள்ள பட்டியல் கையில் இருந்தால் பத்தில் ஒன்றையும் தொடமாட்டீர்கள். அந்த இரண்டும் ஏதாவது ஒரு இழையால் கட்டப்பட்டிருந்தால் இன்னும் நல்லது, ஒன்றை முடித்த கையோடு மற்றதை எடுக்க மனம் தானாகப் போகும். முடிந்தால் இரண்டில் ஒன்றாவது நம் கரையைத் தொடட்டும். இதை நான் ஊர்ப்பற்றில் மட்டும் சொல்லவில்லை. இந்த வாரம் வெளியான பெரிய படத்தை உங்களுக்கு ஞாபகப்படுத்த ஆயிரம் விளம்பரம் இருக்கிறது, மூதூரில் இருந்து எழுதிய ஒருவரை உங்களுக்கு ஞாபகப்படுத்த எந்த ஆப்பும் வராது. அந்த வேலையை நாங்கள்தான் ஒருவருக்கொருவர் செய்துகொள்ள வேண்டும்.

எந்தப் புத்தகம் என்பதற்கு முன் எந்த நேரம்

சனி காலை சந்தை, மீன், உடுப்புத் தோய்ப்பு, பிள்ளைகளின் டியூஷன் என்று போய்விடும், அதில் கை வைக்காதீர்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, அதுவும் கச்சான் காற்று அனலாக அடிக்கிற மாதங்களில், நாலு மணி வரை ஊரில் யாரும் வெளியே இறங்குவதில்லை. வாசிப்புக்கு அதுதான் நேரம். கட்டிலில் சாய்ந்தால் இரண்டு பக்கத்தில் நித்திரை வந்துவிடும், கதிரையில் இருங்கள், ஃபேனுக்குக் கீழே. போனிலேயே வாசிப்பதென்றால் டேட்டாவை நிறுத்திவிட்டு வாசியுங்கள், இல்லாவிட்டால் மூன்றாம் பக்கத்தில் வட்ஸ்அப் உங்களைக் கூட்டிக்கொண்டு போய்விடும்.

படம் சனி இரவுக்கு. எட்டு மணிக்குச் சாப்பாடு முடித்து எட்டரைக்குத் தொடங்கினால் பதினொரு மணிக்குள் எழும்பலாம். ஞாயிறு இரவு வேண்டாம், அடுத்த நாள் பள்ளிக்கூடமும் வேலையும் இருக்கிறது, பாதிப் படத்தில் அம்மா அயர்ன் பண்ணப் போய்விடுவார், ஒருவருக்கும் படம் ஒட்டாது. படத்தை வெள்ளி இரவே இறக்கி வைத்துவிடுங்கள், பெரும்பாலான தளங்களின் ஆப்பில் அந்த வசதி இருக்கிறது. மாரி காலத்தில் லைன் போனாலும் கரண்ட் போனாலும் போனிலோ லப்டொப்பிலோ மிச்சத்தைப் பார்த்து முடிக்கலாம்.

முதல் சோடி: தோணியும் கும்பளங்கியும்

ஒன்றே ஒன்றுதான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். வ. அ. இராசரத்தினம் மூதூர்க்காரர், ஆசிரியர், 1925இல் பிறந்து 2001இல் காலமானவர். அவருடைய தோணி என்ற சிறுகதைத் தொகுப்பு 1962இல் வெளிவந்து சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. தலைப்புக் கதை நீளமானது அல்ல, ஒரே இருப்பில் முடித்துவிடலாம். கடற்கரைக் குடிசையில் வளரும் ஒரு பையன், தனக்கென்று ஒரு தோணி வேண்டும் என்ற ஆசை, அந்த ஆசைக்கும் கையில் இருக்கும் காசுக்கும் நடுவில் கிடக்கிற தூரம். இதற்கு மேல் கதையைச் சொல்லமாட்டேன். வாசிக்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கடலை அவர் அழகுக்காக ஒரு இடத்திலும் கொண்டுவரவில்லை. உழைக்கப் போகிற இடமாகத்தான் கடல் அங்கே இருக்கிறது, யாருடைய தோணியில் போகிறாய் என்பதுதான் அங்கே ஒரு மனுசனின் நிலையைத் தீர்மானிக்கிறது. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கடலைப் படம் பிடிக்க வருகிறவர்கள் பார்க்கிற கடல் வேறு, இந்தக் கதையின் கடல் வேறு.

எடுக்கிற வழி சுலபம். இணையத்தில் நூலகம் தளத்துக்குப் போங்கள், 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் பத்திரிகைகளையும் ஸ்கான் செய்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். தேடும் பெட்டியில் தமிழிலேயே எழுதுங்கள். தலைப்பை மட்டும் போட்டால் அதே பெயரில் வேறு ஏதாவது வந்து நிற்கும், எழுத்தாளர் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். இராசரத்தினம் என்றும் இராஜரத்தினம் என்றும் இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள், பழைய அட்டைகளில் எழுத்து மாறிக் கிடக்கும். நூலின் பக்கம் திறந்ததும் "வாசிக்க" என்ற தலைப்புக்குக் கீழே பிடிஎப் இணைப்பும் அது எத்தனை எம்பி என்பதும் இருக்கும். டேட்டா குறைவாக இருப்பவர்கள் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு இறக்குங்கள். ஸ்கான் செய்த பக்கங்கள் என்பதால் போனில் எழுத்து சிறிதாகத்தான் தெரியும், போனைப் படுக்கைவாட்டில் திருப்பினால் ஒரு வரி திரையின் அகலத்துக்கு வந்துவிடும், அப்புறம் கண்ணுக்குச் சிரமம் இல்லை. சில பக்கங்களில் பழைய நூல்நிலைய முத்திரை, யாரோ பென்சிலால் போட்ட கோடு, ஓரத்தில் அரித்த ஓட்டை எல்லாம் அப்படியே தெரியும். எனக்கு அது பிடிக்கும். நமக்கு முதல் ஒருவர் அந்தப் பக்கத்தில் நின்றிருக்கிறார் என்று தெரிகிறது.

அன்றிரவு கும்பளங்கி நைட்ஸ் பாருங்கள். 2019இல் வந்த மலையாளப் படம், மது சி. நாராயணன் இயக்கம், ஷியாம் புஷ்கரன் எழுத்து. கொச்சிக்குப் பக்கத்தில் களப்போரம் ஒரு வீடு, சரியான கதவுகூட இல்லாத வீடு, அதில் ஒருவரோடொருவர் ஒத்துப்போகாத நாலு சகோதரர்கள். வலை, சிறு வள்ளம், இரவில் நீர் நீலமாக ஒளிரும் ஒரு காட்சி. மூத்தவன் சஜி தனக்கு அழுகை வருகிறதில்லை, ஒரு டொக்டரிடம் கூட்டிப் போ என்று தம்பியிடம் கேட்கிற இடம் வரும், பிறகு டொக்டருக்கு முன்னால் நடப்பதையும் பாருங்கள். நம் ஊர் ஆண்களோடு உட்கார்ந்து பார்க்க வேண்டிய காட்சி அது. கதையில் ஒரு தமிழ்க் குடும்பமும் வருகிறது, சஜியின் வாழ்க்கை திரும்புவதே அவர்களால்தான். மலையாளம் காதுக்குப் பழகப் பத்து நிமிடம் பிடிக்கும், அதுவரை ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்றை முன்கூட்டியே சொல்கிறேன்: தற்கொலை முயற்சி ஒன்று படத்தில் உண்டு. வீட்டில் யாருக்காவது அது பாரமாக இருக்கும் என்றால் முதலே சொல்லிவிட்டுப் போடுங்கள், அல்லது வேறு படம் எடுங்கள்.

இராசரத்தினத்தைப் பிடித்துப்போனால் அவரோடு நிற்காதீர்கள். நா. பாலேஸ்வரி, க. அருள் சுப்பிரமணியம் என்று திருகோணமலை நாவலாசிரியர்கள் இருக்கிறார்கள், நம் அம்மாமார் இளம் பெண்களாக இருந்தபோது கை மாறிக் கை மாறி வாசித்த நாவல்கள். வீட்டில் பெரியவர்களிடம் இந்தப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள், ஞாபகம் இருப்பவர்கள் அரை மணித்தியாலம் கதைப்பார்கள்.

கல்லறையில் தொடங்கும் ஒரு சனிக்கிழமை

இது ஊருக்குள் நடக்கத் தயாராக இருப்பவர்களுக்கு. திருகோணமலை நகரத்துக்குள்ளேயே பழைய ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. அதில் அடக்கம் செய்யப்பட்டவர்களில் ஒருவர் கடற்படை அதிகாரி சார்ள்ஸ் ஒஸ்டின். நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் கடைசித் தம்பி. கிழக்கிந்தியக் கடற்படைப் பிரிவின் தலைமைத் தளபதியாக இருந்தவர், 1852இல் பர்மாப் போரின்போது ஐராவதி ஆற்றில் கொலராவால் இறந்தார், உடல் நம் ஊருக்கு வந்தது. உலகமெல்லாம் வாசிக்கிற ஒரு எழுத்தாளரின் தம்பி இங்கே கிடக்கிறார் என்பது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

காலையில் வெயில் ஏற முதல் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். மத்தியானம் அக்காவின் சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி. 1811இல் வந்த நாவல், உரிமைக் காலம் முடிந்ததால் கூட்டன்பேர்க் தளத்தில் இலவசம். முழுதும் வாசிக்க ஒரு வார இறுதி போதாது, முதல் பத்து அதிகாரம் போதும். அப்பா செத்த பிறகு அம்மாவும் பெண் பிள்ளைகளும் சொந்த வீட்டில் இருந்து எழும்ப வேண்டி வருகிறது, மூத்த தாரத்து மகனும் அவன் மனைவியும் "எவ்வளவு உதவி செய்வது" என்று கதைத்துக் கதைத்து உதவியை ஒன்றுமில்லாமல் தேய்த்துவிடுகிற இரண்டாம் அதிகாரம் இருக்கிறதே, சீதனமும் காணிப் பங்கும் தெரிந்த எவருக்கும் அதை விளக்கத் தேவையில்லை.

இரவுக்குக் கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன். 2000இல் ராஜீவ் மேனன் எடுத்த படம், அதே நாவலின் தமிழ் உருவம், வசனம் சுஜாதா, இசை ஏ. ஆர். ரஹ்மான். தபுவும் ஐஸ்வர்யா ராயும் அக்கா தங்கை. நாவலில் கேணல் பிராண்டன் கிழக்கிந்தியாவில் சேவை செய்துவிட்டு வந்தவர். படத்தில் மம்மூட்டி நடிக்கும் மேஜர் பாலா இந்திய அமைதிப்படையோடு இலங்கைக்கு வந்து காலை இழந்தவர். ஒஸ்டினின் கதாபாத்திரத்தைச் சென்னையில் வைத்து எழுதியவர்களுக்கும் இந்தத் தீவு தேவைப்பட்டிருக்கிறது. படம் யுத்தக் காட்சியோடுதான் தொடங்குகிறது. அந்த வருடங்களை இங்கே இருந்து பார்த்தவர்களுக்கு அமைதிப்படை என்பது வேறு விதமான ஞாபகம், ஆகவே அப்பா அம்மாவோடு பார்ப்பதென்றால் தொடக்கம் இப்படி இருக்கும் என்று சொல்லிவிடுங்கள். மிச்சம் முழுவதும் குடும்பம், பாட்டு, காதல், வேலை தேடல். இரண்டரை மணித்தியாலம் போவது தெரியாது.

நொக்ஸை எங்கே இருந்து தொடங்குவது

ரொபர்ட் நொக்ஸ் என்ற பெயரை வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். 1659இல் புயலில் பாய்மரம் முறிந்த கப்பலைத் திருத்துவதற்குக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தார்கள், அடுத்த வருடம் அவரும் அவருடைய தகப்பனும் மாலுமிகளும் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டார்கள். பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு 1679இல்தான் அவர் தப்பினார், 1681இல் இலங்கையைப் பற்றிய அவருடைய நூல் லண்டனில் வெளிவந்தது. ஆங்கிலம் வாசிக்கக்கூடியவர்களுக்கு இதுவும் கூட்டன்பேர்க்கில் இலவசம்.

நிறையப் பேர் முதல் பக்கத்தில் தொடங்கி, மலை, ஆறு, தானியம், மிருகம் என்று வரும் விவரணையில் களைத்து மூடிவிடுகிறார்கள். அப்படித் தொடங்காதீர்கள். நூலில் நாலு பாகம், நேரே நாலாம் பாகத்துக்குப் போங்கள், அங்கேதான் அவருடைய சொந்தக் கதை, கொட்டியாரத்தில் பிடிபடுவதில் இருந்து. தகப்பன் காய்ச்சலில் இறந்து, ஊரார் காசில்லாமல் உதவ மறுக்க, மகன் அவரைப் புதைக்கிற பகுதியை வாசிக்கும்போது நாட்டு வரலாறு எல்லாம் மறந்துபோகும். அதற்குப் பிறகு ஒரு இடம் வருகிறது. கையில் இருந்த இரண்டொரு புத்தகத்தையும் மனப்பாடமாகும் வரை வாசித்து முடித்த நிலையில், மீன்பிடித்துக்கொண்டு இருக்கும்போது அவ்வழியே வந்த ஒரு கிழவர் தன்னிடம் ஒரு புத்தகம் விற்பனைக்கு இருக்கிறது என்கிறார், பார்த்தால் ஆங்கில பைபிள். விலை என்ன ஆகுமோ என்று பதைக்கிறார், கடைசியில் ஒரு பின்னல் தொப்பியைக் கொடுத்து வாங்குகிறார். வாசிக்கப் புத்தகம் இல்லாத நாட்டில் ஒரு புத்தகம் வந்து சேர்வது எப்படி இருக்கும் என்று அந்த ஒரு பக்கம் காட்டிவிடும். முன்னூறு வருடத்துக்கு மேற்பட்ட ஆங்கிலம், கொஞ்சம் முறுக்காக இருக்கும், சத்தமாக வாசித்தால் பிடிபட்டுவிடும். இதற்குப் படம் தேவையில்லை, ஞாயிறு காலை மூதூருக்கு ஒரு பஸ் ஏறிப் போய்க் கொட்டியாரக் குடாவைப் பார்த்துவிட்டு வந்தால் போதும்.

கடல் கதை வேண்டுமென்று பிள்ளைகள் கேட்டால் இன்னொரு வழியும் இருக்கிறது. எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவருடைய முக்குளிப்பு நண்பர் மைக் வில்சனும் 1950களின் நடுவில் கோணேசர் மலைக்குக் கீழே முக்குளித்து, போர்த்துக்கீசர் இடித்துத் தள்ளிய கோயிலின் தூண்களையும் கற்களையும் கடலுக்கடியில் கண்டார்கள். கிளார்க் அதை 1957இல் த ரீஃப்ஸ் ஒஃப் டப்ரோபேன் என்ற நூலில் எழுதினார். மைக் வில்சன் 1962இல் ரன்முத்து தூவ என்ற சிங்களப் படத்தை எடுத்தார், இலங்கையின் முதல் முழுநீள வண்ணப்படம், நீருக்கடியில் எடுத்த காட்சிகளோடு. காமினி பொன்சேகா, ஜோ அபேவிக்கிரம நடித்தது. கதை சாதாரண புதையல் கதைதான், அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் காலத்து வண்ணத்தில் கடலுக்கடியைப் பார்ப்பதற்காகவே பார்க்கலாம். பழைய சிங்களப் படங்கள் பல யூடியூப்பில் ஏற்றப்பட்டிருக்கின்றன, பெயரை ஆங்கில எழுத்தில் போட்டுத் தேடுங்கள்.

மற்றவருக்குச் சொல்லும்போது

இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டாதீர்கள். நம் ஊரில் ஒருவருக்குப் படம் பரிந்துரைக்கும்போது "நல்ல படம், பாருங்க" என்று மட்டும் சொல்வது போதாது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு யுத்தம் இருந்தது, கரையோர வீடுகளுக்கு அதற்கு மேல் 2004 டிசெம்பர் 26 சுனாமி இருக்கிறது.

பொன்யோவை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் மியாசாக்கியின் 2008 படம், ஐந்து வயதுப் பையனும் பெண்ணாக மாறும் ஒரு தங்க மீனும், உலகமெங்கும் சின்னப் பிள்ளைகளுக்குச் சிபாரிசு செய்கிறார்கள். அந்தப் படத்தின் நடுவில் கடல் பொங்கி எழுந்து காரைத் துரத்தும், துறைமுக ஊர் முழுவதும் நீருக்குள் போகும். படத்தில் அது ஒரு மாயமான, பயமில்லாத காட்சியாக வரைந்திருக்கிறார்கள், பிள்ளைகள் ரசிப்பார்கள். ஆனால் அதே சோபாவில் அம்மம்மாவும் இருக்கிறார், அவர் அந்த ஞாயிற்றுக்கிழமை யாரைப் பறிகொடுத்தார் என்று உங்களுக்குத் தெரியும். அப்படியான வீட்டில் அதை விட்டுவிட்டு, அதே மியாசாக்கியின் மை நெய்பர் டோட்டோரோவைப் போடுங்கள். 1988இல் வந்தது, 86 நிமிடம். மழையில் பஸ் தரிப்பிடத்தில் அக்காவும் அவள் முதுகில் தூங்கும் தங்கையும் அப்பாவுக்காகக் காத்து நிற்க, பக்கத்தில் அந்தப் பெரிய பிராணி இலையைத் தலையில் பிடித்தபடி வந்து நிற்கும், கொடுத்த குடையில் மழைத்துளி விழும் சத்தம் கேட்டு அதற்கு ஒரே சந்தோசம். மொழி தெரியாத பிள்ளையும் சிரிக்கும். அதிலும் ஒன்று: படத்தில் அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். வீட்டில் யாராவது வார்டில் இருக்கும் நேரமென்றால் பிறகு பார்க்கலாம்.

தீபனும் இப்படித்தான். 2015இல் கான் விழாவின் தங்கப் பனை வாங்கிய பிரெஞ்சுப் படம், இயக்கம் ஜாக் ஓடியார், முக்கிய பாத்திரத்தில் நம் எழுத்தாளர் ஷோபாசக்தி, பேச்சு பெரும்பகுதி தமிழ். கடவுச்சீட்டுக்காக மூன்று அந்நியர்கள் ஒரு குடும்பமாக நடித்துப் பிரான்சுக்குப் போகிறார்கள். முதல் ஒரு மணித்தியாலம் அற்புதம், முடிவு எனக்கு ஒட்டவில்லை, திடீரென்று வேறு ஒரு படமாகிவிடுகிறது. குடும்பத்தோடு சனி இரவு போடுகிற படம் இது இல்லை. தனியாக, பகலில், முடிந்ததும் கதைக்க ஒரு ஆள் பக்கத்தில் இருக்கும்போது பாருங்கள். படத்தைப் பார்க்க மனம் வராதவர்கள் அதே ஷோபாசக்தியின் கொரில்லாவை வாசிக்கலாம், அதுவும் இலேசான புத்தகம் இல்லை, ஆனால் புத்தகத்தை எந்தப் பக்கத்திலும் மூடி வைக்கலாம்.

மூன்று தலைமுறையும் ஒரே அறையில் இருக்கிற இரவுக்கு டூரிஸ்ட் ஃபேமிலி. 2025 மே மாதம் வந்தது, அபிஷன் ஜீவிந்த் இயக்கம், சசிகுமாரும் சிம்ரனும். பொருளாதார நெருக்கடிக் காலத்தில் வல்வெட்டித்துறையில் இருந்து கள்ளமாகக் கடல் கடந்து சென்னைக்குப் போகும் ஒரு குடும்பம், தங்கள் ஊரையும் பேச்சையும் மறைத்து வாழ வேண்டிய கட்டாயம். எரிபொருள் வரிசையில் நின்றவர்களுக்கு அந்தக் குடும்பம் ஏன் வள்ளம் ஏறியது என்று சொல்லத் தேவையில்லை. அக்கம்பக்கத்தார் எல்லாரும் இவ்வளவு கெதியாக நல்லவர்களாகிவிடுவார்களா என்று எனக்கு ஒரு கேள்வி இருந்தது, இருந்தும் பார்த்து முடிக்கும்போது மனம் நிறைந்துதான் இருந்தது. சிம்ரனின் யாழ்ப்பாணத் தமிழ் சரியா பிழையா என்று வீட்டில் வாக்குவாதம் வரும், வரட்டும், அதுவும் படத்தின் பாகம்தான். அடுத்த நாள் அ. முத்துலிங்கத்தின் கதை ஒன்றை அப்பாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். ஊர் விட்டுப் போனவர்களைப் பற்றி இவ்வளவு மெல்லிய கையால் எழுதியவர்கள் குறைவு. வாசிப்புப் பழக்கம் விட்டுப்போச்சு என்று சொல்கிறவர்களுக்கும் நான் முதலில் கொடுப்பது அவரைத்தான்.

பத்து நிமிடம்தான் இருக்கிறது என்றால்

கவிதை. பிரமிள் என்றும் தருமு சிவராம் என்றும் தமிழ்நாட்டு இலக்கிய உலகம் கொண்டாடுகிற கவிஞர் 1939இல் திருகோணமலையில் பிறந்தவர். இருபது வயதளவில் சி. சு. செல்லப்பாவின் எழுத்து இதழில் எழுதத் தொடங்கி, பிறகு இந்தியாவுக்கே போய், 1997இல் அங்கேயே காலமானார். காவியம் என்று ஒரு கவிதை, ஆறே வரி, சிறகிலிருந்து பிரிந்த ஒரு இறகைப் பற்றியது. அதைத் தேடி எடுத்துக் கையால் ஒரு தாளில் எழுதுங்கள். காலையில் ஒருதரம் சத்தமாக வாசியுங்கள், பின்னேரம் டச் பே கரையில் இருக்கும்போது இன்னொருதரம். விளங்கவில்லை என்றால் பரவாயில்லை, விளக்கம் தேடிப் போகாதீர்கள், முதலில் காது பழகட்டும். அவருடைய கண்ணாடியுள்ளிருந்து, கைப்பிடியளவு கடல் தொகுப்புகளுக்குப் பிறகு போகலாம்.

இணையமும் இல்லை, புத்தகமும் இல்லை என்றால் ஞாயிறு பத்திரிகை இருக்கிறது. வீரகேசரி வாரவெளியீட்டிலும் தினகரன் வாரமஞ்சரியிலும் கதையும் கவிதையும் வருகின்றன, சாமான் சுற்ற எடுப்பதற்கு முதல் அந்தப் பக்கத்தை உருவி வைத்துவிடுங்கள். பொது நூலகத்தில் அங்கத்துவம் இல்லாதவர்கள் இந்த வாரம் ஒருமுறை போய்ப் படிவத்தைக் கேளுங்கள், போயா நாளாகப் பார்த்துப் போய்க் கதவைத் தட்டாதீர்கள்.

கடைசியாக, நண்பருக்கு எப்படி எழுதி அனுப்புவது. நான் மூன்று வரிக்கு மேல் எழுதுவதில்லை: என்ன, எவ்வளவு நேரம், எதில் கவனம். இப்படி:

"தோணி, வ. அ. இராசரத்தினம், நூலகம் தளத்தில இருக்கு, ஒரே இருப்பில முடியும். இரவு கும்பளங்கி நைட்ஸ், ரெண்டே கால் மணித்தியாலம், மலையாளம். நடுவில ஒரு தற்கொலை முயற்சி வரும், அண்ணியோட பார்க்கிறதெண்டா முதல்ல சொல்லிப்போடு."

வியாழன் இரவே அனுப்புங்கள், சனி இரவு அனுப்பினால் பிரயோசனம் இல்லை.